காலி கொடுத்தால்தான் நிறைந்தது

சைகோன்
1933 அக்டோபர் 4

அன்புள்ள அக்காளுக்குத் தனிஸ்லாஸ் எழுதுவது.

மூன்று கப்பல் வந்து போய்விட்டது. நலம் விசாரித்து உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. ஆனால் சோடாப் புட்டி வேண்டும் என்றால் மட்டும் தபால் தவறாமல் வந்துவிடுகிறது. போன வருஷம் பிரான்சில் மார்செய்யிலிருந்து வரவழைத்து அனுப்பியது போதாதென்று, இந்த வருஷமும் கேட்டிருக்கிறீர்கள்.

அப்பா இந்தச் சோடாக் கம்பெனியை நம் இருவர் பேருக்கும் பாதி பாதியாக எழுதிவைத்துவிட்டுப் போனார். உப்பளத்தில் இருந்துகொண்டு நடத்துவது நீங்கள். இங்கே சம்பாதித்துப் புட்டி வாங்கிப் போடுவது நான். இது எத்தனை காலத்துக்கு?

ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் பதில் எழுதுங்கள். சோடாவைக் குடிக்கிறார்கள். புட்டியைக் குடிக்க முடியாது. கழுத்தில் 'சூசை' என்று அப்பா பேர் வார்த்த புட்டி. உள்ளே கோலி கிடக்கிற புட்டி. அதில் விளக்கெண்ணெய் ஊற்றிவைக்கக்கூட ஆகாது. அப்படியிருக்க அது எங்கே போகிறது?

நான் வேலை பார்க்கிற கப்பல் கம்பெனிக் கிடங்கில் ஓர் ஒழுங்கு உண்டு. காலிச் சாக்கைக் கொண்டுவந்து போட்டால்தான் அரிசி மூட்டை வெளியே போகும். சீனனோ, செட்டியாரோ, எங்கள் துரையின் மைத்துனனோ, யாராக இருந்தாலும் சரி. அதையே நீங்களும் செய்யுங்கள். கல்லறைத் திருநாள் முடிந்த மறுநாளிலிருந்து, காலி கொடுத்தால்தான் நிறைந்தது. எத்தனை காலியோ அத்தனை நிறைந்தது. சாக்குப்போக்கு கேட்க வேண்டாம்.

இன்னொன்று. வண்டி தெருத்தெருவாகப் போய் ஒவ்வொரு பெட்டிக்கடையிலும் இரண்டு இரண்டாக இறக்குவதை நிறுத்துங்கள். மாடுதான் களைக்கும். வைத்திக்குப்பம் கடற்கரைக் கடைகளையும், வடக்கே கனகசெட்டிக்குளத்து எல்லைக் கடைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ்காரன் பக்கத்திலிருந்து எல்லை தாண்டிக் குடிக்க வருகிறவன் சாராயத்தோடு சோடா கேட்காமல் இருக்கமாட்டான். எங்கே விற்பது என்று முதலில் முடிவு செய்யவேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் கெட்டிக்காரர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கெட்டிக்காரத்தனம் வேறு, ஒழுங்கு வேறு.

தனிஸ்லாஸ்


உப்பளம், புதுச்சேரி
1933 நவம்பர் 20

தம்பி தனிஸ்லாசுக்கு,

சர்வேசுரன் புண்ணியத்தில் இருமலைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை. நீ விசாரிக்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன். பெர்னதெத்துக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, நான் பாட்டியாகிவிட்டேன். ஞானஸ்நானம் கொடுத்தாயிற்று. மூக்கு என் மூக்கு என்று சாமியாரே சொன்னார்.

புட்டி வாங்கிப் போட்டதை நீ இதுவரை மூன்று கடிதத்தில் எழுதிவிட்டாய். அம்மா செத்தபிறகு உனக்குச் சோறு ஊட்டியதை நான் ஒரு கடிதத்திலும் எழுதியதில்லை. இப்போதும் எழுதவில்லை, ஞாபகப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

எனக்கு ஒரு சந்தேகம். வண்டி தெருத்தெருவாகப் போகிறது என்று உனக்கு யார் சொன்னது? நீ கப்பல் ஏறும்போது நமக்கு வண்டியே கிடையாது. தலைச்சுமையாகத்தான் போயிற்று. வண்டி வாங்கினேன் என்று எழுதினேனே தவிர, அது எந்தத் தெருவில் போகிறது, எந்தக் கடையில் எத்தனை இறக்குகிறது என்றெல்லாம் நான் எழுதவில்லை. இங்கிருந்து உனக்கு யாரோ எழுதுகிறார்கள். யார்?

போகட்டும். உன் ஒழுங்கைப் போட்டுவிட்டேன். நான் ஒன்றைப் போட்டால் அரைகுறையாகப் போடமாட்டேன். வண்டிக்கார மண்ணாங்கட்டியைக் கூட்டிக்கொண்டு கடைகடையாக நானே போனேன். காலி இல்லாமல் ஒரு புட்டிகூட வண்டியைவிட்டு இறங்காது என்று சொன்னேன். கனகசெட்டிக்குளத்தில் சாராயக்கடைக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிற அஞ்சலாட்சி இருக்கிறாளே, அவளுக்கு வாய் நீளம்.

"மாசிமகத்தன்னிக்குமா காலி கேப்பே ரோசாம்மா?" என்றாள்.

"மகமானாலும் சரி, மாதா திருநாளானாலும் சரி. ஒங்க சாமியே எறங்கி வந்து கேட்டாலும் காலிதான் மொதல்ல."

"சாமி சோடா குடிக்கிறதில்ல, கூட வர்ற ஜனம்தான் குடிக்குது" என்று சொல்லிச் சிரித்தாள்.

சிரிக்கட்டும். ஒரு வாரத்தில் என்ன நடந்தது தெரியுமா? கோழிக்கூண்டிலிருந்து, பரணிலிருந்து, கிணற்றடியிலிருந்து எங்கெங்கோ கிடந்த புட்டியெல்லாம் வண்டி வண்டியாக வந்துவிட்டது. கழுவுகிற பெண்களுக்குக் கை வெளுத்துப்போயிற்று. மெஷினை ஓயாமல் சுற்றியதில் சக்கரம் விரிசல் விட்டு, இரும்புப் பட்டை அடித்து ஓட்டுகிறேன். கனகசெட்டிக்குளத்துக்கு வாரத்தில் ஒரு நடை கூடுதலாக விட்டிருக்கிறேன். பெட்டிக்கடைகளைக் குறைத்தேன். இதுவும் நீ சொன்னபடிதான்.

ஆக, நீ சொன்னது பலித்தது. இதை எழுத எனக்கு ஒன்றும் வெட்கமில்லை. யார் உனக்கு எழுதுகிறார்கள் என்பதை மட்டும் மறைக்காமல் எழுது.

உன் அக்காள்
ரோசா


சைகோன்
1933 டிசம்பர் 14

அன்புள்ள அக்காளுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இனி புதுப் புட்டிக்கு ஒரு காசு நான் அனுப்பவேண்டியதில்லை. இருக்கிற புட்டி எத்தனை வேகமாகத் திரும்பி வருகிறதோ அத்தனைக்கு நம் வியாபாரம். இதைத்தான் நான் இத்தனை நாளாகச் சொல்லிவந்தேன். தூரத்தில் இருக்கிறவனுக்குச் சில விஷயம் நன்றாகத் தெரியும், கிட்டே இருந்தால் கண்ணில் படாது.

மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு எழுதுகிறவர் ராமலிங்கம். ஆம், பெரிய சோடாக் கம்பெனி ராமலிங்கம்தான். நீங்கள் முகம் சுளிப்பது இங்கே தெரிகிறது. அவர் மரியாதையாக எழுதுகிறார். அப்பாவைப் பற்றி உயர்வாகச் சொல்கிறார். ஒரே ஊரில் இரண்டு கம்பெனி ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கிடப்பதைவிடச் சேர்ந்து நடத்தினால் என்ன என்று கேட்கிறார். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பதிலுக்கு நாலு வரி எழுதுவது மரியாதை. அவ்வளவுதான்.

குழந்தைக்கு என் ஆசீர்வாதம். ஞானஸ்நான விருந்து தடபுடலாக நடந்ததாகக் கேள்விப்பட்டேன்.

தனிஸ்லாஸ்


உப்பளம், புதுச்சேரி
1934 ஜனவரி 20

தம்பிக்கு,

விருந்தைப் பற்றியும் ராமலிங்கம்தான் எழுதினாரா? அவரை நான் கூப்பிடவில்லை. வாசலில் நின்று மோந்து பார்த்திருப்பார்.

அவருக்கு நீ எழுதிக்கொண்டிரு. இங்கே நடப்பதைக் கேள். புட்டி காணாமல் போகிறது. முன்பு போனமாதிரி அங்கொன்று இங்கொன்று இல்லை. பொங்கலுக்கு முன்னாலேயே கனகசெட்டிக்குளத்திலிருந்து குறைந்தது. இரண்டு பெட்டி நிறைந்தது போனால் ஒரு பெட்டி காலிதான் வருகிறது. கேட்டால் உடைந்துபோச்சு என்கிறார்கள். பிறகு வைத்திக்குப்பத்திலும் அதே கதை. ஒவ்வொரு நடைக்கும் இன்னும் கொஞ்சம் குறைகிறது. உன் ஒழுங்குப்படி வருகிற காலிக்குத்தானே நிறைந்தது கொடுக்கவேண்டும்? அதனால் போவதும் குறைந்துவிட்டது. மெஷின் பாதி நாள் சும்மா நிற்கிறது. கழுவுகிற பெண்கள் பேன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். காஸ் உருளை திறக்காமலே கிடக்கிறது.

இத்தனை புட்டி ஒரே சமயத்தில் உடையுமா? யாரோ வாங்குகிறார்கள். நம் காலியைப் பதுக்கிவிட்டால் நமக்கு மூச்சு நின்றுபோகும் என்று தெரிந்த ஒருவர். வெயில் காலம் வருவதற்குள் நம்மைப் படுக்கவைக்க நினைக்கிற ஒருவர். பேரை நான் எழுதவேண்டியதில்லை, உனக்கு மரியாதையாக எழுதுகிறவர்தான்.

நம் ஆட்களில் ஒருவர் துணையில்லாமல் இது நடக்காது. மண்ணாங்கட்டி நம் வண்டியை ராமலிங்கம் வாசலில் நிறுத்தியிருந்ததை நானே கண்ணால் பார்த்தேன். கனகசெட்டிக்குளத்துக் கடையில் நாலு பேர் எதிரில் வைத்துக் கேட்டேன்.

"அங்க இன்னா வேலை ஒனக்கு?"

"மாட்டுக்கு லாடம் கட்டப் போனேம்மா. லாடம் கட்றவன் அவரு வாசல்லதான் குந்தியிருக்கான்."

"ஊர்ல வேற எடமே இல்லியா? புட்டிய யாருக்குடா குடுத்தே?"

அவன் மாட்டின் கழுத்துக் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு நடந்தே ஊருக்குப் போய்விட்டான். இப்போது எங்கே வேலை பார்க்கிறான் தெரியுமா? ராமலிங்கத்திடம். நான் நினைத்தது சரிதான் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

புது வண்டிக்காரன் பலராமன். நல்லவன் மாதிரிதான் தெரிகிறான். அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.

ரோசா


சைகோன்
1934 பிப்ரவரி 8

அக்காளுக்கு,

உங்கள் கடிதம் இன்று வந்தது. பதிலும் இன்றே எழுதுகிறேன், கப்பல் நாளைக்குப் புறப்படுகிறது.

அப்பா காலத்திலிருந்து இருந்த மண்ணாங்கட்டியை விரட்டிவிட்டீர்கள். அவன் எடுத்ததற்குச் சாட்சி இல்லை. ராமலிங்கம் வாங்கியதற்கும் இல்லை. அவருக்கு நம் புட்டி எதற்கு? நம் பேர் வார்த்த புட்டியில் அவர் சோடா அடைத்து விற்றால் ஊர் சிரிக்காதா? ஆனால் புட்டி போனது மட்டும் உண்மை. என் ஒழுங்கு நவம்பரில் பலித்தது, ஜனவரியில் பலிக்கவில்லை. ஒழுங்கு மாறவில்லை. மாறியது வேறு ஏதோ.

நான் கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். பேத்திக்கு அப்படியொரு விருந்து எதிலிருந்து நடந்தது? பெர்னதெத்தின் மாமியார் வீட்டுச் சீருக்காகப் பழைய கண்ணாடி வியாபாரிக்கு நீங்கள் ஏதாவது தள்ளிவிட்டீர்களா? இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள்.

மாசிமகம் ஆனபிறகும் கம்பெனி இதே நிலையில் கிடந்தால் என் பாதியை ராமலிங்கத்துக்குக் கொடுத்துவிடுவதாக முடிவு செய்துவிட்டேன். அதற்கான அதிகாரப் பத்திரத்தை இதே கப்பலில் அங்குள்ள நொத்தேருக்கு அனுப்புகிறேன். பத்திரப்பதிவு வேலையெல்லாம் அவர் முடித்துவிடுவார். உங்களுக்குத் தெரியாமல் செய்தேன் என்று பிறகு சொல்லக்கூடாது.

தனிஸ்லாஸ்


உப்பளம், புதுச்சேரி
1934 பிப்ரவரி 10

தனிஸ்லாசுக்கு,

புட்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். மண்ணாங்கட்டி எடுக்கவில்லை. ராமலிங்கமும் வாங்கவில்லை.

எங்கே, எப்படி என்பதை எழுதமாட்டேன். காரணம் சொல்கிறேன். மெஷின் சக்கரம் விரிசல் விட்டதையும், பட்டை அடித்து ஓட்டுவதையும் உன் ஒருவனுக்குத்தான் எழுதினேன். பட்டை அடித்தது நம் வீட்டுக் கொல்லையில். அடித்த கருமான் பாகூர்க்காரன், ஊருக்குத் திரும்பிப் போய்விட்டான். நேற்றுப் பெரிய மார்க்கெட்டில் ராமலிங்கம் எதிரே வந்தார். "சக்கரத்துக்குப் பட்டை போட்டு எத்தினி நாளைக்கு ஓட்டப் போறீங்க ரோசாம்மா?" என்று கேட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனார்.

நாலு வரிதான் எழுதுகிறேன் என்றாய். அந்த நாலு வரியில் என் வீட்டுக் கொல்லை முழுக்க இருக்கிறது.

மகம் முடிந்தபிறகு எழுதுகிறேன். தவசு காலம் வருகிறது, கோபத்தை அடக்கச் சொல்லிச் சாமியார் பிரசங்கம் வைப்பார். அதற்குள் எழுதிவிடவேண்டும் என்றுதான் இப்போதே எழுதினேன்.

ரோசா


உப்பளம், புதுச்சேரி
1934 மார்ச் 4

தனிஸ்லாசுக்கு,

உன் பிப்ரவரிக் கடிதம் மாசிமகத்துக்கு முந்தின நாள் வந்தது. பழைய கண்ணாடி வியாபாரியைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். பேத்தி மடியில் இருந்தாள். இல்லை என்றால் இல்லை என்று எழுதச் சொல்லியிருக்கிறாய். எழுதமாட்டேன். கேட்ட வாய் உன்னுடையது, நீயே வைத்துக்கொள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். இனி இதை ராமலிங்கத்துக்கு நீ எழுதினாலும் ஒன்றும் இல்லை.

மண்ணாங்கட்டி போனபிறகும் புட்டி குறைந்துகொண்டேதான் போயிற்று. பலராமனையும் சந்தேகப்பட்டேன். அப்புறம் யாரைச் சந்தேகப்படுவது? அதனால் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வாடகை வண்டியில் கனகசெட்டிக்குளம் போனேன். அஞ்சலாட்சி கடையில் இல்லை. கால் கழுவலாம் என்று பின்பக்கம் போனால், சுவரோரம் ஒரு பழைய வலை குவிந்து கிடக்கிறது. காலில் இடறியது. தூக்கிப் பார்த்தால், வரிசை வரிசையாக அப்பா பேர்!

அவள் பின்னாலேயே வந்து நின்றாள்.

"ஒடஞ்சி போச்சின்னு சொன்னியேடி, திருட்டுச் சிறுக்கி!"

"யாரு திருடி? ஒரு புட்டிய வித்திருந்தா என் கைய வெட்டு. ஒடையலன்னு சொன்னா நீ புடுங்கினு போயிருப்பே. மகத்தன்னிக்கி ஜனம் வந்து கடைய மொய்க்கும். அன்னிக்கி ஒங்கிட்ட வந்து நின்னா, காலி எங்கேன்னு கேப்பே. சாமியே எறங்கி வந்தாலும் காலிதான்னு நீதானே சொன்னே? அதான் இப்பவே சேத்து வெச்சிருக்கேன். இது பனிக்காலம், எவன் சோடா குடிக்கிறான்? நான் மட்டுமா? வைத்திக்குப்பத்துல போயி ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலயும் குனிஞ்சி பாரு!"

நான் அந்த வலைமேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

புரிகிறதா தம்பி? ஒருவரும் திருடவில்லை. காலிக்குத்தான் சோடா என்று சொன்ன அன்றைக்கே, சோடாவைவிடக் காலி உசத்தியாகிவிட்டது. மகத்தன்று யாரிடம் காலி இருக்கிறதோ அவர்களுக்குத்தான் வியாபாரம். அப்புறம் யார் திருப்பிக் கொடுப்பார்கள்? உன் கிடங்கில் அரிசி தினமும் ஒரே அளவில் போகும். இங்கே ஒரு மகத்துக்கு விற்பது மார்கழி முழுக்க விற்காது. அது உன் கிடங்கில் இருந்து பார்த்தால் தெரியாது. மகமும் இதில் அடக்கம் என்று சொன்னது நான்தான், அதை நீ எழுதவில்லை. வேண்டாம் என்றும் நீ எழுதவில்லையே.

அங்கேயே ஒழுங்கை மாற்றினேன். இன்றைக்கு வைத்திருக்கிற காலியை இன்றைக்கே கொடுக்கிறவளுக்கு மகத்தன்று அதைப்போல் இரண்டு பங்கு நிறைந்தது, அன்றைக்குக் காலி கேட்கமாட்டேன். பதுக்கி வைத்திருக்கிறவளுக்கு ஒன்றும் கிடையாது என்றேன். அஞ்சலாட்சி தலையை ஆட்டினாள்.

"நீ போன தடவ ஒண்ணு சொன்னே, இப்போ ஒண்ணு சொல்றே. ஒம் பேச்ச எப்டி நம்புறது? மண்ணாங்கட்டி வந்து சொல்லட்டும், குடுக்கிறேன்."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். கம்பெனி என்னுடையது, வார்த்தை வண்டிக்காரனுடையது வேண்டுமாம். நான் எப்போதாவது ஒரு தடவை அவள் கடைக்குப் போகிறவள். அவன் வாரா வாரம் போய், அவள் கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டு வந்தவன். அவளைக் குற்றம் சொல்ல முடியவில்லை.

மண்ணாங்கட்டி வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தான், குறை சொல்லக்கூடாது. வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"நாலு பேரு எதிர்ல கேட்டீங்கம்மா. அந்த நாலு பேரு எதிர்லயே சொல்லுங்க. வரேன்" என்றான்.

போனேன். அஞ்சலாட்சியும் சாராயக்கடைக்காரனும் இன்னும் யார் யாரோ நின்றார்கள். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். கடைசியில், "இவன் ஒரு புட்டி எடுக்கல. எடுத்ததெல்லாம் நீங்கதான்!" என்று சத்தம் போட்டேன். அஞ்சலாட்சி விழுந்து விழுந்து சிரித்தாள். மண்ணாங்கட்டி சிரிக்கவில்லை. "இது போதும், வண்டியில ஏறுங்கம்மா" என்றான்.

அந்த வாரமே காலி வரத் தொடங்கியது. ஊறப்போட்டுக் கழுவி, தினமும் நிதானமாக அடைத்து, கொல்லையில் ஈர மணலில் புதைத்து ஈரச் சாக்கைப் போட்டு மூடிவைத்தோம். மகத்துக்கு முந்தின நாளே கடைகடையாகக் கொண்டுபோய் இறக்கிவிட்டோம். மகத்தன்று சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்திறங்கியபோது நம் சோடா முன்னாலேயே அங்கே காத்திருந்தது. நம் வண்டியும், பலராமன் ஓட்டிய வாடகை வண்டியும் நிற்கவில்லை. காலியை ஏற்றிக்கொண்டு வருவதும், கழுவி அடைத்து அடுத்த நடைக்குக் கொடுப்பதுமாக, அன்றைக்கு ஒரே புட்டியை இரண்டு தடவை விற்றேன். தவசு காலம், நான் ஒருசந்தி விரதம். ஒரு சொட்டுச் சோடா குடிக்கவில்லை.

ராமலிங்கம் கதையைக் கேள். அவர் கம்பெனி வாசல் சுவரில் கரியால் எழுதியிருக்கிறது, 'காலி கொடுத்தால்தான் நிறைந்தது' என்று. உன் வார்த்தை, எழுத்துப் பிசகாமல்! மண்ணாங்கட்டி அங்கே வேலை பார்த்த நாளில் பார்த்துவிட்டு வந்து சொன்னான். நம்மைப்போலவே அவர் கடைக்காரர்களும் தை முழுக்கப் பதுக்கியிருக்கிறார்கள். மகத்தன்று விடிந்ததும் அத்தனை பேரும் காலியை வண்டியில் போட்டுக்கொண்டு அவர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். தெரு அடைத்துப்போயிற்று. ஒரே காலை நேரத்தில் அத்தனையும் கழுவி அடைக்க எந்த மெஷினால் ஆகும்? புட்டி மலையாகக் கிடக்கிறது, குடிக்க ஒரு சோடா இல்லை. அவர் கடைக்காரர்கள் நம் வண்டியை மறித்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் இங்கே வந்தார். உட்காரச் சொன்னேன்.

"என் கடைக்காரங்கள கலைச்சிட்டீங்க."

"ஒங்க கடைக்காரங்க ஒங்க வாசல்லதானே நின்னாங்க? நான் எங்க வந்து கலைக்கிறது?"

"எனக்குத் தெரியாம ஏதோ பண்ணியிருக்கீங்க. ஒங்க தம்பி எனக்கு எழுதினதுல இது இல்ல."

கேட்டாயா? அவர் வாயாலேயே வந்துவிட்டது. கொல்லையை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு, "நொத்தேர்கிட்ட பத்திரம் வந்து கெடக்குது. வெலை கொஞ்சம் பேசணும், பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஆக, மகத்தில் நாம் ஜெயித்தும் ஒன்றும் முடியவில்லை. நாளைக்கே உன் பாதியை அவர் வாங்கிவிட்டால் என் கொல்லைக்குள் அவர் நாற்காலி போட்டு உட்காருவார். பத்திரத்தை ரத்து செய்கிறாயா, இல்லையா? ஒரே வார்த்தை எழுது. அதற்கு நாலு வரி வேண்டாம்.

ரோசா


சைகோன்
1934 மார்ச் 25

அன்புள்ள அக்காளுக்கு,

ரத்து செய்துவிட்டேன். உங்கள் கடிதம் கிடைத்த அன்றே நொத்தேருக்குத் தந்தி அடித்தேன். கையெழுத்துப் போட்ட கடிதமும் இந்தக் கப்பலில் போகிறது.

ராமலிங்கத்துக்கு அந்த ஒழுங்கை எழுதியது நான்தான். டிசம்பரில். உங்களுக்கு இத்தனை புட்டி திரும்பி வந்தது எப்படி என்று கேட்டு எழுதினார். இப்படியொரு மூளை சைகோனில் கிடங்கில் கிடக்கிறதே என்றும் எழுதியிருந்தார். இங்கே பதினோரு வருஷமாக என் துரை என்னை ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. விவரமாக எழுதிவிட்டேன். சக்கரத்தையும் எழுதினேன். என் பேச்சைக் கேட்டதால் வேலை எத்தனை கூடிவிட்டது பாருங்கள் என்று காட்டத்தான் எழுதினேன், காட்டிக்கொடுக்க இல்லை. நீங்கள் நம்புவீர்களா என்று தெரியவில்லை.

விருந்தைப் பற்றிக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அந்த வரியை எழுதும்போதே கை நின்றது. கப்பலுக்கு நேரமாகிவிட்டதால் அடிக்காமல் விட்டுவிட்டேன். இது சமாதானம் இல்லை என்று தெரியும்.

மகம் இதில் அடக்கம் என்று நான் எழுதவில்லைதான், வேண்டாம் என்றும் எழுதவில்லை. அந்த நாள் எனக்கு ஞாபகமே வரவில்லை அக்கா. சிறுவயதில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றவன், மறந்துபோனேன்.

இனி ராமலிங்கத்துக்கு ஒரு வரிகூட எழுதமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் தம்பி
தனிஸ்லாஸ்


உப்பளம், புதுச்சேரி
1934 ஏப்ரல் 16

தம்பி தனிஸ்லாசுக்கு,

பத்திரம் ரத்தாகிவிட்டது என்று நீ எழுதியதை நான் நம்பவில்லை. நொத்தேர் வீட்டுக்கு நேரில் போய், உன் கையெழுத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன். உன் கையெழுத்துதான். 'ஸ்' போடும்போது சுழிக்கிறது இன்னும் மாறவில்லை. மன்னிப்பு கேட்டிருக்கிறாய். பெர்னதெத்துக்கு அந்தக் கடிதத்தைக் காட்டவில்லை. முன்பு எழுதியதையும் காட்டவில்லை.

கம்பெனி நடக்கிறது. வெயில் ஏறிவிட்டது. ஒவ்வொரு திருநாளுக்கும் அதற்கு முன்னால் காலி கொடுத்தவளுக்குத்தான் பங்கு என்று எல்லாக் கடையிலும் மண்ணாங்கட்டி சொல்லிவிட்டான். இனி அவனைக் கேட்காமல் புது ஒழுங்கு போடுவதில்லை. உன்னையும் கேட்பேன், ஆனால் அவனைக் கேட்டபிறகு.

ஒன்றில் மட்டும் எனக்குச் சம்மதமில்லை. ராமலிங்கத்துக்கு இனி ஒரு வரியும் எழுதமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாய். அதை வாபஸ் வாங்கிக்கொள். சாமியாரிடம் கேட்டால் சொல்வார், அவசரத்தில் செய்த சத்தியத்துக்கு வழி இருக்கிறது. அவருக்கு எழுது. முன்பைப்போலவே மரியாதையாக எழுது. ஆடியில் வீராம்பட்டினம் தேர் வருகிறது, உனக்கு ஞாபகம் இருக்கட்டும். அக்காள் ஆடி முழுக்கக் காரைக்காலில் மகள் வீட்டில் இருக்கப்போகிறாள், தேருக்கு இந்த வருஷம் அவள் வண்டி போகாது என்று எழுது. நான் எங்கும் போகப்போவதில்லை, ஆனால் நீ இதை எழுதினால் போதும். வேறு ஒரு வார்த்தை சேர்க்காதே.

மார்க்கெட்டில் ராமலிங்கம் எதிரே வந்து, "காரைக்காலுக்கு எப்போ பயணம் ரோசாம்மா?" என்று கேட்டால், நீ என் தம்பிதான். அன்றைக்கே உனக்கு ஒரு பானை ஊறுகாய் கப்பலில் ஏற்றுவேன்.

கேட்காமல் சிரித்துவிட்டுப் போனால், நீ அவருக்கு வேறு ஏதோ எழுதியிருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன்.

உன் அக்காள்
ரோசா